அஞ்சு வருசத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் சிவகாசி அச்சகத்தார் இனாமாகக் கொடுத்தார்கள். எட்டு மாதமாக ஓர் எழுத்துகூட எழுதவில்லை. இன்றைக்குப் பேனா எடுக்கக் காரணம், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள். ஐந்து கல்யாண பேனர், இரண்டு பத்திரிகை, ஒரு காதணி விழா, ஒரு கண்ணீர் அஞ்சலி. அஞ்சலிக்காரர்கள் நாலு மணிக்கு எடுக்கப்போகிறார்களாம், அதற்குள் போஸ்டர் வேண்டும். அவர்களையாவது மன்னிக்கலாம், சாவு சொல்லிக்கொண்டு வராது. கல்யாணக்காரர்கள் ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடித்துவிட்டு, பேனருக்கு மட்டும் முதல்நாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஓடிவருகிறார்கள். சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில், வீட்டு முன்னறையில் 'செல்வி கிராபிக்ஸ்' என்று போர்டு மாட்டிய பதினோரு வருஷமாக இதே கதை. செல்வி நான்தான், முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. வீட்டில் நானும் அப்பாவும். அம்மா ஓசூரில் தம்பி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நயினார் சாரைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி மாட்டி, புதுக் கம்ப்யூட்டரும் அசெம்பிள் பண்ணிக் கொடுப்பார். பத்து நிமிடத்தில் வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ரேம் என்று ஒரு விரல் நீள அட்டை இருக்கிறது, அதை உருவி, பள்ளிக்கூடத்து ரப்பரால் ஓரத்தைத் துடைத்து, திரும்ப அழுத்தினார். ஓடியது. இரண்டு நிமிட வேலை. அப்புறம் காபி குடித்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. காபி சூடு.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடியும் ரேம். வந்தார், துடைத்தார், போட்டார். காபி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரேம். ஒன்பது வருஷத்துப் பெட்டி, லேசாகத் தூசி தட்டினாலே நழுவிவிடுகிறது. நான் தூசி தட்டத்தான் மூடியைத் திறந்தேன். உனக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று அப்பா கேட்கிறார். தொழில் செய்கிறவள் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கக்கூடாதா?

நயினார் சாருடைய வீட்டுக்காரி காலமாகி ஆறு வருஷம் ஆகிறதாம். பிள்ளைகள் இல்லை. மத்தியானம் மெஸ், ராத்திரி இட்லி. நானாகக் கேட்கவில்லை, பேச்சோடு பேச்சாக வந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைக்கு என் மானம் கப்பலேறி, எப்படியோ கரை திரும்பியது.

காலை ஏழரை எட்டரைக்குள் ராஜபாளையம் ரோட்டு மண்டபத்தில் காதணி விழா. பேனர் நான் செய்தது. நேற்று அதைச் செய்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. (இது நிஜமாகவே நின்றது.) அணைத்துப் போட்டு, அவசரத்தில் ஃபைலை பிளெக்ஸ் அடிக்க அனுப்பினேன். போனது கடைசியாகச் செய்தது இல்லை, அதற்கு முந்தினது. முந்தினதில் குழந்தை இருந்தது. அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, சித்தப்பாவின் கபடி டீம் பதினெட்டுப் பேர், எல்லாரும் கும்பிட்டபடி இருந்தார்கள். தாய்மாமன் மட்டும் இல்லை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். கருத்தப்பாண்டி என்கிற அந்தத் தாய்மாமன் ஐம்பத்தொரு சீர்த்தட்டோடு மேளம் கொட்டி வந்து, வாசலில் பேனரை அண்ணாந்து பார்த்து, நேராக எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். தட்டுகளும் டீக்கடை வாசலுக்குப் போய்விட்டன. "போட்டாவுல இல்லாத மடி காது குத்த மட்டும் எதுக்குவே?" என்று ஒரே பிடி.

ஏழே காலுக்கு எனக்கு போன். என் பெட்டி கிளம்பவே இல்லை. நயினார் சார் வந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஏறுங்க மேடம்" என்றார். அவர் வண்டியில் பின்னால் போனேன். கம்பியைத்தான் பிடித்துக்கொண்டேன். அவர் கடையில் மாட்டிப் படத்தைத் தேடி எடுத்தோம். முழுப் பேனரும் திரும்ப அடிக்க நேரமில்லை. கருத்தப்பாண்டியை மட்டும் தனியாக ஆறடிக்கு அடித்து, பழைய பேனர் ஓரத்தில் கட்டினோம். குழந்தை மூன்றடி, மாமன் ஆறடி.

கருத்தப்பாண்டி டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "இப்பத்தான் முறையா இருக்கு" என்றார். நல்ல நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது காது குத்தியாயிற்று. குழந்தை வீறிட்டு அழுதது, நானும் தூண் மறைவில் நின்று கொஞ்சம் அழுதேன்.

வெளியே வந்ததும் நயினார் சார் சொன்னார்: "இனி அந்தப் பெட்டிய நம்பி நீங்க தொழில் பண்ண முடியாது மேடம். புதுசு வாங்கிருங்க." சரி என்றேன். அவர் சட்டையில் பன்னீர் தெளித்த வாசனை வந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அசெம்பிளா, கம்பெனி மிஷினா? இதுதான் இரண்டு நாளாக வீட்டில் பட்டிமன்றம்.

தம்பி ஓசூரிலிருந்து போனில் கம்பெனி மிஷின் என்கிறான். திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து வருமாம், வயர் இல்லை, பார்க்க லட்சணமாக இருக்குமாம். லட்சணத்தை வைத்து நான் என்ன செய்ய, நான் பெண்பார்க்கவா போகிறேன்?

அப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். எதைக் கேட்டாலும் பஸ்ஸில்தான் ஏறுவார். "கம்பெனிக்காரன் எஞ்சினும் அடிச்சட்டமும், சேசிஸ் மட்டும்தான் குடுப்பான்ட்டி. பாடி கரூர்ல கட்டணும். சீட்டு எத்தன, கம்பி எங்கன, படிக்கட்டு எவ்வளவு ஒசரம், எல்லாம் நம்ம சொல்லுத மாதிரி. அதான் காட்டு ரோட்டுலயும் ஓடுது. எல்லாத்தையும் அவனே கட்டிக் குடுத்துட்டாம்னு வையி, ஒரு போல்ட்டு போனாலும் அவன் கால்லதான் விழணும்."

எனக்கும் அசெம்பிள்தான் சரி என்று படுகிறது. முழுக்கத் தொழில் காரணம்தான். வேலை கூடினால் ரேம் கூட்டிக்கொள்ளலாம். பழுதானால் பழுதானதை மட்டும் மாற்றலாம். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை பன்னிரண்டு கூடுதலாக அவித்தேன். ஃபேனில் ஏதோ சத்தம் என்று நயினார் சாரைக் கூப்பிட்டிருந்தேன். சத்தம் வரவில்லை. கொழுக்கட்டை ஏழு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

அசெம்பிள் லிஸ்ட் எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. கம்ப்யூட்டர்காரருக்கு இப்படிக் கையெழுத்து இருந்து பார்த்ததில்லை. பிராசசர், போர்டு, பதினாறு ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் அது என்று ஒரு வரி. 'பேனர் ஃபைல் பெரிசு, அதனால்.' 'ஊரில் கரண்ட் ஏறி இறங்கும், அதனால்.' இத்தனை 'அதனால்' போட்டு எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

"ரேமுக்கு நாலு எடம் இருக்கு மேடம். இப்ப ரெண்டுதான் போடுதேன். ரெண்டு காலியா கெடக்கட்டும். அடுத்த வருசம் வேணும்னா போட்டுக்கிடலாம்."

"அதுக்கு அடுத்த வருசம்?"

"கிராபிக்ஸ் கார்டு போடலாம்."

"அதுக்கும் அடுத்த வருசம்?"

யோசித்தார். "பெட்டிய மாத்தலாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். ஒன்றுமில்லைதான்.

லிஸ்டை இந்தப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிவைத்தேன், தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. பச்சை விளக்கு எரியும் பெட்டி எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனசு காரணமில்லாமல் துள்ளிக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏட்டி, ஊரே அவர அண்ணாச்சிங்குது. பலசரக்குக் கடைக்காரர நீ அண்ணாச்சிங்க. கேஸ் போடுதவர அண்ணாச்சிங்க. இவர மட்டும் ஏன் சார்ங்க?"

படித்தவர், அதனால் என்றேன்.

"அவரும் எல்லாத்தையும் தங்கச்சிங்காரு. ஒன்ன மட்டும் மேடம்ங்காரு. நீயும் படிச்சவன்னா?"

அப்பாவுக்கு ரசம் ஊற்றி வாயை அடைத்தேன். அவர் ரசத்தைக் குடித்துக்கொண்டே சிரித்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

பதினோரு மணிக்கு வந்தார். சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாலை அடுப்பில் வைத்தேன். பையிலிருந்து பளபளவென்று ஒரு கம்பெனி விளம்பரத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மேடம், ரெண்டு நாளா யோசிச்சேன். நீங்க கம்பெனி மிஷினே வாங்கிருங்க."

"அசெம்பிள்தான் நல்லதுன்னு நீங்கதான் லிஸ்ட் போட்டுத் தந்திய?"

"நல்லதுதான். இதுல பின்னால எதையும் கூட்ட முடியாது. ரேமெல்லாம் போர்டோட சேத்து ஒட்டி வச்சிருப்பான், ஒங்களாலயும் கழட்ட முடியாது, என்னாலயும் கழட்ட முடியாது. அதனால இப்பவே பெருசா பாத்து வாங்கிரணும். ஆனா மூணு வருசம் வாரண்டி, மேல ரெண்டு வருசம் சேத்துக்கிடலாம். அஞ்சு வருசத்துக்கு நீங்க யாரையும் கூப்பிட வேண்டாம்."

"யாரையும்?"

"யாரையும். என்னையும்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. டைரியை எடுத்து, ஒட்டியிருந்த லிஸ்டைப் பிய்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் மூன்று துண்டாக வந்தது. மூன்றையும் அவர் கையில் கொடுத்து, "ரொம்ப நன்றி. ஒங்களுக்கும் அலச்சல் மிச்சம்" என்றேன்.

வாயைத் திறந்தார், மூடினார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காபி குடிக்கவில்லை.

"அந்த மனுசன் தன் யாவாரத்தயே விட்டுக்குடுத்து ஒனக்கு நல்லது சொல்லுதாரு. அவருகிட்ட போயி சீறுதியே?" என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு இது புரியாது. கூப்பிட வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது? ஒன்றுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

எனக்கென்ன கவலை.

செப்டம்பர் 8, திங்கள்

திருநெல்வேலிக்குப் போய்க் கம்பெனி மிஷினே வாங்கிவிட்டேன். அவர் சொன்னதற்காக இல்லை. அவர் சொன்னதற்காகத்தான். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றால் கூப்பிடமாட்டேன், அவ்வளவுதானே?

ஷோரூம் பையன் டை கட்டிக்கொண்டு, "லைஃப் டைம் மெமரீஸ் மேம்" என்றான். எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. பழைய ஃபைல்களையெல்லாம் நயினார் சார் ஒரு டிஸ்கில் போட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று தனித்தனியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். பதினோரு வருஷ வேலை. நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 13, சனி

மிஷின் அருமையாக ஓடுகிறது. இருபதடி பேனரை ஒரு மூச்சில் திறக்கிறது. நேற்றும் இன்றும் ஏழு பேனர் முடித்தேன், எல்லாவற்றிலும் தாய்மாமன்கள் இருக்கிறார்கள். நிற்கவில்லை, சூடாகவில்லை, சத்தம் இல்லை.

எரிச்சலாக வருகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஓடுகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

புரட்டாசி பிறந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை, வேலை குறைவு. மிஷினின் பின்பக்கம் கொஞ்சம் தூசி படிந்திருந்தது போல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினேன். ஒரு திருகாணி வெளியே தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர், பிரித்தால் வாரண்டி கிடையாதாம். கொழுக்கட்டை செய்தவன்கூட இவ்வளவு மூடமாட்டான், சவம்.

கம்பெனியின் இலவச நம்பருக்கு போன் பண்ணினேன். ஒரு பெண் அழகான தமிழில், "உங்கள் கணினியில் என்ன பிரச்சினை என்று கூறுங்கள்" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். "நல்லது. வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றாள். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 24, புதன்

மார்க்கெட்டில் நயினார் சாரைப் பார்த்ததாக அப்பா சொன்னார். மெலிந்துவிட்டாராம். நான் கேட்கவில்லை என்று எழுத வந்தேன், ஆனால் கேட்டேன். எதற்கு மெலிந்தார், காய்ச்சலா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டேன்.

அப்பா முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "ஏட்டி, ஒன்னப் பாக்க இருபத்தாறு பேரு வந்தான். பஜ்ஜியத் தின்னான், செவ்வாய் இருக்குன்னான், டிக்கெட் எடுக்காம எறங்கிப் போயிட்டான். அதுல ஒருத்தன் போனதுக்காவது நீ மொகம் வாடி நான் பாத்திருக்கனா?"

நான் முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

"ஒம்பது வருசமா கழலாத ரேமு ஆவணி மாசத்துல மட்டும் எத்தன தடவ கழண்டுச்சு? அவரு அன்னிக்கே எங்கிட்ட கேட்டாரு, ஒங்க வீட்டுல எலி கெலி இருக்கான்னு. இருக்கு, அதுக்கு முப்பத்தொம்பது வயசாகுதுன்னேன்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த டைரியிலாவது உண்மையை எழுதுகிறேன். முதல் நாள் அதுவாக நின்றது. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நான்தான் கழற்றினேன். ஃபேன் சத்தமும் பொய். அசெம்பிள் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது ரேமுக்காக இல்லை. வருஷத்துக்கு ஒரு சாமான் மாட்டுகிற சாக்கிலாவது அவர் வந்துகொண்டே இருப்பார் என்றுதான். எனக்கு அவர் வர வேண்டும். வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காபி குடிக்க வேண்டும். இதை எழுதிப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, ஆனால் இதுதான்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துத்தான் கழற்ற முடியாத மிஷினை வாங்கச் சொன்னார். வெட்கத்தில் இந்தப் பக்கத்தையும் பிய்த்துப்போடலாம் போல இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் அப்பா பேப்பர் படித்தபடியே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "ஸ்டாப்புல நிக்கிறவன் கைய காட்டணும். கைய காட்டாம நின்னுக்கிட்டு வண்டி நிக்கலன்னு வைதா டிரைவர் என்ன செய்வான்?"

செப்டம்பர் 28, ஞாயிறு

கை காட்டி, வண்டி நிற்காமல் போய்விட்டால்? அதை அப்பா சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டேன். ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைத்தேன், அப்பா பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்.

தெருவில் எல்லாக் கடைக்கும் பொரி, கடலை, அவல் பொட்டலம் கொடுத்தோம். ஒரு பொட்டலம் மீந்தது. "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போறேன், நயினார் கடையில குடுத்துரட்டுமா?" என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். "நீ குடுக்கியா?" என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். இனிமேல் பொரி, ரேம், ஃபேன் என்று எதையும் முன்னால் நிறுத்திக்கொண்டு போகக் கூடாது. போனால் சும்மா போக வேண்டும். நாளைக்கு விஜயதசமி.

அக்டோபர் 2, வியாழன்

போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குளித்துப் பச்சைச் சேலை கட்டினேன். பழக்கத்தில் பையை எடுத்தேன், திரும்ப வைத்தேன். பத்து நிமிட நடை, இருபத்தைந்து நிமிடம் நடந்தேன். வழியில் ஒரு கடையில் நின்று தலைக்கிளிப் ஒன்றுக்கு விலை கேட்டேன். எனக்குத் தலைக்கிளிப் வேண்டாம். கடைக்காரர் இரண்டு ரூபாய் குறைத்தார், அப்புறம்தான் நகர்ந்தேன்.

மாடியில் அவர் தனியாக இருந்தார். நேற்றுக் கடை வாசலில் கட்டிய வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கன்றும் கையுமாக நின்றுவிட்டார். மெலிந்துதான் இருந்தார்.

"வாங்க மேடம். மிஷின் மக்கர் பண்ணுதா?"

"இல்ல."

"டிஸ்க் எதுவும் போயிட்டா?"

"நல்லா ஓடுது."

"பிரிண்டரு?"

"எல்லாம் நல்லா ஓடுது. ஒரு ரிப்பேரும் இல்ல."

"பொறவு?"

வரும் வழியில் இருபத்தைந்து நிமிடமும் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. "ஒங்களப் பாக்கணும் போல இருந்துச்சு. அதான் வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

வாழைக்கன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல், ரிப்பேருக்கு வந்த யாருடைய மானிட்டர் மேலோ சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"இன்னியோட இருபத்தெட்டு நாளாச்சு" என்றார்.

நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. "நீங்கதான கூப்பிட வேண்டாம்னு சொன்னிய? ரேம நான் கழட்டுதேன்னு தெரிஞ்சு, என்ன வெரட்டத்தான கழட்ட முடியாத மிஷின வாங்கச் சொன்னிய?"

"வெரட்டவா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்மாடித் தையல்காரர் எட்டிப் பார்த்தார். நயினார் சார் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ரேம கழட்டுதியன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் மெஸ்ஸுல ரெண்டு சாப்பாடு சாப்பிட்டேன் மேடம். அவ்வளவு சந்தோசம். பொறவுதான் யோசிச்சேன். அசெம்பிள் பண்ணிக் குடுத்தா வருசா வருசம் வருவேன், உண்மைதான். டூல்ஸ் பையத் தூக்கிட்டு வருவேன், ரிப்பேர்காரனா வருவேன். ரிப்பேர்காரன் வந்து ஒரு பொண்ணுகிட்ட என்னத்தப் பேச? வேல பாக்க விட்ட வீட்டுல வேற பேச்சுப் பேசுனாம்னு ஆயிரும். மொதல்ல அந்த வேலய முடிச்சுவிட்டுரணும், ரிப்பேருங்கிற பேச்சே இல்லாம பண்ணிரணும், அதுக்குப் பொறவு சும்மா ஒரு நாள் வரணும். இதான் என் கணக்கு."

"அத அன்னிக்கே சொல்லித் தொலச்சா என்ன?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க லிஸ்ட மூணாக் கிழிச்சுக் கையில குடுத்திய. பயந்துட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பொறவு தெனமும் போன எடுத்து எடுத்துப் பாப்பேன், மிஷின் கெட்டுப்போச்சுன்னு கூப்பிட மாட்டியளான்னு. அது எங்க கெடும்? நல்ல மிஷினா பாத்து நாந்தான சொல்லித் தொலச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர அடங்கவில்லை. அவரும் சிரித்தார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதையும் மறைக்கக் கூடாது என்று, "எனக்குச் செவ்வாய் இருக்கு" என்றேன்.

"எனக்குச் சர்க்கர இருக்கு" என்றார்.

முப்பத்தொன்பது வருஷத்தில் என் ஜாதகத்துக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. இந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, வெறுமனே எழுதும்போதே முகம் சிவக்கிறது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, அப்பாவும் இருப்பாவ" என்றேன்.

"எத்தன மணிக்கு மேடம்?"

"செல்வி" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "எத்தன மணிக்கு வரணும், செல்வி?" என்று கேட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

நயினார் பத்து மணிக்கு வந்தார். ரிப்பேர் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்தார்.